இடது காது

ஏறும்போது ஒன்றுமில்லை,
இறங்கும்போதுதான் அடைக்கும்.
எல் ஆல்தோவிலிருந்து கடைசி கேபிள் காரில்
நானும் ஃபெர்மினும்,
நடுவில் துணி சுற்றிய கேட்புக்கோல்.
மூன்று நாளாகச் சளி எனக்கு.
மூன்றாவது தூணைத் தாண்டியதும்
யாரோ கட்டைவிரலை வைத்து
இடது காதை உள்ளே அழுத்தினார்கள்.

எச்சில் விழுங்கினேன்.
மூக்கைப் பிடித்து ஊதினேன்.
ஆவென்று வாய் திறந்து கண்ணாடியில் பார்த்தால்
கரையில் போட்ட மீன்.
லா பாஸின் குழாய்களையெல்லாம் கேட்கிறவளுக்கு
தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் ஒரு குழாய்
ஒட்டிக்கொண்டது.

எதிரே ஃபெர்மினின் உதடுகள் அசைந்தன.
மெய்யெழுத்துகள் வழியிலேயே உதிர்ந்துவிட
உயிர் மட்டும் வந்து சேர்ந்தது:
ஆ, ஓ, ஊ,
கம்பளிக்கு அடியில் முனகுவதுபோல்.
இருமுறை கேட்டான்.
மூன்றாம் முறை கேட்கவைக்க வெட்கம்.
தலையாட்டினேன்.

தண்ணீர் ஒழுகும் இடத்தைக் கேட்பது எங்கள் வேலை.
ஊர் அடங்கிய பிறகு
வால்வு மூடியைத் தூக்கி, இரும்பில் கோலை நிறுத்தி,
மேல் முனையில் காதை வைத்தால்
நல்ல குழாய் சும்மா இருக்கும்.
உடைந்தது சீறும்.
பதினோரு வருடத்தில்
நான் வீணாகத் தோண்டவைத்த குழிகள் நான்கு.
நான்கின் தெருப்பெயரும் சொல்வேன்.

அன்றிரவு ஓப்ராஹேஸில்
தண்ணீருக்குப் பதில் என்னையே கேட்டேன்.
என் மூச்சு. தாடை உரசுவது.
குதிகால் தரையில் விழ மண்டைக்குள் அதிர்வது.
"கொஞ்சம் பேசாமல் இரு" என்று நான் சொன்னது
காலிப் பீப்பாயில் போட்ட கல்.
தெரு எங்கோ தள்ளிப் போயிருந்தது.
ஒரு நாய் குரைத்தது, வாய்தான் தெரிந்தது.
வலது காதுக்கு மாற்றினேன்.
இத்தனை வருடமாய் இடதுக்கு எடுபிடி அது,
ஏதோ இருக்கிறது என்றது,
என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

கோபத்தில்தான்
கோலின் முனையைக் கடித்தேன்.

வந்தது.
பல் வழியாக, தாடை எலும்பு வழியாக,
அடைத்த அந்த இடது பக்கத்துக்கே.
வெளிச்சத்தம் நுழைய முடியாத அறைக்குள்
அது ஒன்று மட்டும் உட்கார்ந்து
ஸ்ஸ் என்றது,
முழுசாக, மெய்யெழுத்தோடு.
இரண்டடி இப்படி, ஓரடி அப்படி நகர்ந்து பார்த்துவிட்டு
நடைபாதையில் சுண்ணாம்புக்கட்டியால் பெருக்கல் குறி போட்டேன்.
விடியும்வரை நாக்கில் துரு.

ஐந்தரைக்கு ஆபி வண்டி.
ஊதாச் சோளக் கஞ்சி, கிராம்பு வாசனை, நாக்கைச் சுடும் சூடு.
இரண்டாம் மிடறில் ஒரு கொட்டாவி,
கொட்டாவியின் பாதியில்
டப்.
சின்ன ஈரக் கதவு ஒன்று.
எல்லாம் விளிம்புகளோடு வந்தன:
சில்லறை, கரண்டி, மினிபஸ்ஸின் பிரேக்,
வண்டிக்காரி மூக்கை உறிஞ்சுவது,
ஃபெர்மினின் ஜெர்கின் ஜிப்.

"கேபிள் காரில் என்னவோ கேட்டாயே," என்றேன்.
என் குரல் எனக்கு வெளியே இருந்தது.

"கோச்சபாம்பாவில் ஒரு இடம் காலி.
போகட்டுமா நிகாசியா என்றேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"தலையாட்டினாய்.
மறுபடி கேட்டேன்.
மறுபடியும் ஆட்டினாய்.
இறங்கியதுமே வருகிறேன் என்று செய்தி அனுப்பிவிட்டேன்."

அவன் கோப்பையை ஊதி ஊதி ஆற்றினான்.
ஒவ்வொரு ஊதலும்
எவ்வளவு துல்லியமாகக் கேட்டது.

லாரியிலிருந்து ஆட்கள் கடப்பாரையோடு குதித்தார்கள்.
என் குறியின் மேல் முதல் அடி.
முக்கால் மீட்டரில் தண்ணீர் பீறிட்டது,
யாரோ கைதட்டினார்கள்.

ஐந்தாவது குழி
அது இல்லை.